சுகுமாறன் விடாத பிடி

பக்கத்து இருக்கையில் இருப்பவர் எப்போது பொய் சொல்வார் என்று காத்துக்கொண்டே விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான் சுகுமாறன். இந்தப் பரீட்சை அவனுக்கு இது மூன்றாவது முறை.

பக்கத்தில் இருந்தவர் கேப்டன் கிருஷ்ணகுமாரி, பயிற்சிப் பள்ளியின் பரீட்சை அதிகாரி. அவனைவிட ஐந்து வயது இளையவர். மலேசியாவின் செனாய் விமான நிலையத்திலிருந்து மலாக்கா போய்த் திரும்ப வேண்டும், கருவிகளை மட்டும் பார்த்து. அதுதான் பரீட்சை. வெளியே பார்க்கத்தான் என்ன இருக்கிறது? திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் தாண்டியதிலிருந்து கண்ணாடி முழுக்க மேகமும் மழையும்தான்.

முதல் பரீட்சையில் அவன் வரைபடத்தைப் பார்த்த நேரத்தில் அந்த அம்மாள் ஒரு கருவியின் முள்ளின்மேல் ரப்பர் வில்லையை ஒட்டி மூடிவிட்டார். அவன் கவனிக்கவில்லை, ஃபெயில். இரண்டாம் முறை, "வலது பக்கம் சாயுது பாருங்க" என்றார். பதறிப்போய் நிமிர்த்தினான். விமானம் சாயவே இல்லை. "கருவியை நம்பணும் சுகுமாறன், என் வாயை நம்பக்கூடாது." அதற்கும் ஃபெயில். இது என்ன நியாயம் என்று வயிறு எரிந்தது அவனுக்கு.

"மூணாவது தடவையும் கவுத்துடுவாங்க லா. அவங்க குடும்பமே டாக்டர், வக்கீல். நம்ம மாதிரி எஸ்டேட்டுக்காரன் மேல வந்தா பிடிக்குமா?" என்று கேன்டீனில் கூடப் படிக்கும் ஹேமநாதன் ஓதியிருந்தான். அப்படி இருக்காது என்று சுகுமாறன் சொல்லத்தான் செய்தான். ஆனால் ஓதியது காதிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவதும் போனால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். எட்டு வருடம் விமானம் பழுதுபார்த்தவன், ஓட்டியே தீருவேன் என்று சவால் விட்டு வேலையை விட்டவன், மறுபடி அங்கே எந்த முகத்தோடு போய் நிற்பான்?

அதனால் கேப்டன் தும்மினாலும் சந்தேகம், பேனாவை எடுத்தாலும் சந்தேகம். அரை மணி நேரமாக அவர் ஒன்றுமே பேசவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகமாக இருந்தது.

"சுகுமாறன், இடது பக்கம் சாயுது."

வந்துவிட்டது! அவன் அடிவானக் காட்டியைப் பார்த்தான். கோடு நேராக இருந்தது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"நேராத்தான் இருக்கு கேப்டன்."

"இல்ல, சாயுது. நிமிர்த்துங்க."

"கருவி நேர்னு சொல்லுது."

"ஐ ஹேவ் கண்ட்ரோல். கையை எடுங்க!"

ஆசிரியர் அப்படிச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கையை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான். ஆனால் பரீட்சையில் அதிகாரி விமானத்தை வாங்கிக்கொண்டால் அந்த நொடியே ஃபெயில் என்பதும் அவனுக்குத் தெரியும். ஓஹோ, இந்த முறை இப்படியா? அவன் பிடியை இறுக்கினான். அவர் தன் பக்கத்துப் பிடியை வலப்பக்கம் இழுத்தார். அவன் விடவில்லை. நாலாயிரம் அடி உயரத்தில் இரண்டு பேரும் கயிறு இழுக்காத குறை.

"அலமாக்! ஐயோ, விடுங்க சுகுமாறன்!"

அந்தக் குரல் நடுங்கியது. நடிப்பிலும் நடுங்கலாமே என்று நினைத்தபடியே அவன் கண் பலகையின் ஓரத்துக்கு ஓடியது. அங்கே ஒரு சின்ன வட்டம். அடிவானக் காட்டியைச் சுழல வைக்கும் காற்றுப் பம்பின் அழுத்தத்தைச் சொல்வது. பறக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத வட்டம். அதன் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

முள்ளை மூடலாம், வாயால் பொய் சொல்லலாம். ஆனால் அந்தப் பம்பை இருக்கையில் உட்கார்ந்தபடி யாராலும் நிறுத்த முடியாது. எத்தனை விமானத்தில் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறான்! பம்பு இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் திரும்பு காட்டிக்குக் கண் தாவியது. அது கேப்டன் சொன்னபடியே இடது பக்கம் சாய்ந்திருந்தது. உயரமானியைப் பார்த்தான். மூவாயிரத்து முந்நூறு, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போன கருவியின் கோட்டை நேராக வைக்கப்போய் விமானத்தையே சாய்த்துக்கொண்டிருந்தது அவன்தான்.

கையை எடுத்தான். விமானம் ஒரு குலுக்கலோடு நிமிர்ந்தது. மீதிக் கருவிகளை வைத்துக்கொண்டு கேப்டன் அதைச் செனாயில் இறக்கினார்.

அலுவலகத்தில் கேப்டன் ஒரு தாளை எழுதி அவன் முன்னால் நகர்த்தினார்.

"படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

சிக்கினோம் என்றுதான் வாங்கினான். கருவி பழுதானதால் பரீட்சை நடந்ததாகக் கணக்கில்லை, வேறு அதிகாரியுடன் மீண்டும் நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே: பரீட்சைகளில் நான் பொய் சொல்லிப் பழக்கியதால் ஆபத்தின்போது மாணவர் என் சொல்லை நம்பவில்லை. விசாரணை முடியும்வரை நான் பறக்கப்போவதில்லை.

எங்கே கொக்கி இருக்கிறது என்று இரண்டு முறை தேடினான். இல்லை. தன் இருக்கையைப் பறிக்கப் பார்க்கிறார் என்று இவன் நினைத்தான், அவரோ தன் இருக்கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கையை எடுக்கலையே கேப்டன். அதைக் காணோம்?"

"ஏன் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அது என் தப்பு."

"எழுதினா என்னை அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பலாம்."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அவர் பேனாவைக் கேட்டு வாங்கினான். கேப்டன் கேட்டும் பிடியை நான் விடவில்லை என்று கடைசி வரிக்குக் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தான்.