ஆவாரைக்கு ஊற்றிய தண்ணீர்

என் வாய்க்குப் பயந்து மீன் ஏலம் விடுகிறவனே ஒதுங்கிப் போவான். அப்படிப்பட்ட இந்தக் கஸ்தூரியம்மாள் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றது மருமகளிடம்தான்.

நந்தினி திருத்தணிப் பக்கத்துப் பெண். என் மகன் இளவழகன் வேலை பார்த்த கம்பெனியில் பழகி, கட்டிக்கொண்டு எங்கள் கடலோரக் கோட்டைக்குப்பத்துக்கு அழைத்து வந்தான். வந்த கையோடு வீட்டோரம் ஆவாரை விதை போட்டாள். காட்டில் தானாக முளைக்கிறதை வீட்டில் வைத்து வளர்ப்பார்களா என்று தெருவே சிரித்தது. அது வெயிலுக்குப் பிறந்த செடி, வேர் பிடித்தபின் தண்ணீர் காட்டவே கூடாது என்றாள்.

இரண்டாம் வருஷம் இடுப்புயரம் வளர்ந்து மொட்டு வைத்தது. இளவழகன் அம்பத்தூரில் வீடு பார்க்கலாம் என்று ஆரம்பித்ததும் அப்போதுதான். அவள்தான் தடுத்தாள். எங்கள் ஊர்ச் செடியே இங்கே நின்றுவிட்டது, நாமும் இருக்கலாம் என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சும்மா இருந்தேனா, பாவி! சித்திரை வெயிலில் அது காய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் முருங்கை மரம் இறால் கழுவின தண்ணீரில்தான் கொழுத்தது. அதையே அவள் எழுவதற்குள் தினமும் ஒரு குடம் இதற்கும் ஊற்றினேன். சீக்கிரம் பூத்தால் பிள்ளைகள் இங்கேயே நிலைத்துவிடுவார்கள் என்ற அவசரம் எனக்கு. இருபது நாளில் மொட்டு உதிர்ந்து, வேர் அழுகிச் செத்தது.

நந்தினியே பிடுங்கி எடுத்தாள். இன்னா ஆச்சுன்னே தெரியலையே அத்தை என்று என் முகத்தையே பார்த்தாள். உப்பு மண்ணும்மா, ஒத்துக்காது என்றேன். மாமியார்க்காரி போய் மருமகளிடம் தப்பு என்று நிற்பதா? அந்தக் கர்வம். அடுத்த மாதம் இருவரும் அம்பத்தூர் போய்விட்டார்கள்.

ஆறு மாதம் அது நெஞ்சை அறுத்தது. போன வாரம் போனில் சொல்லிவிட்டேன். "நாந்தாம்மா ஊத்திக் கொன்னுட்டேன். மண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."



"தெரியும் அத்தை. புடுங்கும்போதே வேர்ல எறா மீசை ஒட்டிக்கினு இருந்துச்சு."

அப்புறம் ஏன்டி கேட்கவில்லை என்றேன்.

"ஊத்துனதுல எனக்குக் கோவம் இல்ல அத்தை. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பாத்தேன். அதுக்காவதான் அந்த ஒரு மாசமும் அவரை அம்பத்தூர் வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க வுடாம நிறுத்தி வெச்சிருந்தேன்."