முன்வாசல் வழியாக

"மாப்ள வீட்டுக்காரக பஸ்ஸ விட்டு எறங்கிட்டாகளாம். ஏட்டி, நீ தொழுவத்துப் பக்கம் போயிரு" என்றாள் பஞ்சம்மாள்.

அவள் மருமகள் சின்னத்தாய் நகரவில்லை. குளித்து, தலை சீவி, நீலக்கரைச் சேலை உடுத்தியிருந்தாள். கல்யாணமான எட்டாம் மாதமே புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். அதிலிருந்து ஆறு வருஷமாக, வீட்டில் நல்ல காரியம் என்றால் அவளுக்கு மாட்டுத்தொழுவம்தான். இன்று நாத்தனார் மாரித்தாயைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"போகல அத்தே. நான் சிவகாசிக்குப் பொறப்பட்டுட்டேன். நாளைக்கு எனக்கு ஞானஸ்நானம்."

கொழுந்தன் முத்துராமலிங்கம் எழுந்து வந்தான். "அந்த நர்சம்மா அப்படி என்னத்தச் சொல்லிக் குடுத்தா மதினி?"

போன வருஷம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் தேவமணி அவளுக்கு ஒரு கதை வாசித்தாள். பதினெட்டு வருஷம் கூனிக் கிடந்த ஒருத்தியை இயேசு கூட்டத்தின் நடுவே கூப்பிட்டு நிமிர்த்திய கதை. அதைத் தானே வாசிக்க வேண்டும் என்றுதான் சின்னத்தாய் எழுத்துப் படித்தாள்.

"ஒளிஞ்சு நிக்க வேண்டாம்னு சொல்லிக் குடுத்தாக."

"வாசலத் தாண்டினா திரும்பி வர முடியாது. சோத்துக்கு என்ன செய்வீக?"

"தீப்பெட்டிக் கம்பெனில குச்சி அடுக்குவேன்."

பஞ்சம்மாளின் குரல் இறங்கியது. "போறதுதான் போற, கொல்லை வழியாப் போயிரு. அவுக எதுக்க வந்து எம் மக வாழ்க்கையக் கெடுத்திராத."

சின்னத்தாய் தயங்கினாள். மாரித்தாய்மேல் அவளுக்கு உயிர். பூவும் பொட்டுமாகக் கதவோரம் நின்ற அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "முன்வாசல் வழியாவே போங்க மதினி."

தெருவில் மாப்பிள்ளை வீட்டார் எதிரே வந்தார்கள். அவளுடைய வெறும் நெற்றியைக் கண்டதும் முன்னால் வந்த பெரியவர் நின்றுவிட்டார். சின்னத்தாய் ஒதுங்கவில்லை, கைகூப்பினாள்.

"வாங்க. வீட்ல எல்லாரும் காத்திருக்காக."

அவர்கள் பிள்ளையார் கோயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்து சகுனத்தைக் கழித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பெண் பிடித்திருந்தது. ஆவணியில் கல்யாணம் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

மறுநாள் சிவகாசி வேதக்கோயிலில் போதகர் வேதமாணிக்கம் ஐயர் அவளிடம் கேட்டார். "என்ன பேர் வைக்கட்டும்மா? மரியாள், சாராள்னு ஏதும் நெனச்சிருக்கியா?"

"சின்னத்தாய்னே இருக்கட்டுங்கய்யா. அந்தப் பேரச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டு ஆறு வருசமாச்சு. கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க."