நடுவில் அண்ணி

போனில் ரகசியமாகப் பேச இரண்டு பேர் டிஜிட்டல் சாவி மாற்றிக்கொள்ளும்போது நடுவில் மூன்றாவது ஆள் புகுந்துவிடாமல் பார்ப்பதுதான் என் வேலை. நேரில் சரிபார்க்காத சாவியை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான்.

அண்ணனும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பாவோ, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் ஆபரேஷனுக்குப் படுப்பேன்" என்று அடம்பிடித்தார். இதயம் அவருடையது, பிடிவாதம் எங்கள் மூவருக்கும் பொதுச்சொத்து. உடனே செய்ய வேண்டும் என்றான் அண்ணன். பொறுத்துப் பார்க்கலாம் என்றேன் நான். தொழில் புத்தி, யாரும் ஒட்டுக்கேட்க முடியாத செயலி ஒன்றைப் பிடித்தேன். ஒருவர் கியூஆர் கோடை மற்றவர் படம்பிடித்தால் சாவி கைமாறிவிடும். அதற்கு அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே! என்னுடையதை அச்செடுத்து அண்ணியிடம் கொடுத்தனுப்பினேன். அவனுடையதையும் அண்ணியே கொண்டுவந்தார்.

அதன்பிறகு அண்ணன் தேனாய் ஒழுகினான். "சாப்பிட்டியா கண்ணா? உன்னைக் கேக்காம எதுவும் செய்யமாட்டேன். ஆனா தள்ளிப்போட வேண்டாமே" என்று எழுதினான். நான் உருகிப்போய்ச் சம்மதித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தொழில் திமிர் சும்மா இருக்கவில்லை. அண்ணனின் போனை வாங்கி, இரண்டு திரையிலும் இருந்த பாதுகாப்பு எண்களை ஒப்பிட்டேன். சாவி சரியாக மாறியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை.

"அப்போ கண்ணான்னு எழுதினது யாரு?"

"நான் எப்படா உன்னைக் கண்ணான்னேன்? நீதானே, 'நீ பெரியவன், நீ சொன்னா சரிண்ணே'ன்னு எழுதின?"

"நானா? செத்தாலும் எழுதமாட்டேன்!"

இருவரும் அண்ணியைப் பார்த்தோம். என் கோடு என்று அவனிடமும், அவன் கோடு என்று என்னிடமும் தன்னுடையதையே நீட்டி, வந்ததையெல்லாம் மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். வகுப்பில் நான் முதல் பாடமாக நடத்தும் திருட்டு இது.

"நீங்க ரெண்டு பேரும் எழுதினதை அப்படியே அனுப்பியிருந்தா, மாமா எப்பவோ போயிருப்பார்" என்றார் அண்ணி, கொஞ்சமும் கூசாமல்.

தள்ளுகட்டிலில் இருந்து அப்பா தலையைத் தூக்கினார். "என்னடா சத்தம்? ஒத்துக்கிட்டீங்களா இல்லையா?"

அண்ணியிடம் கத்தத்தான் வாயெடுத்தேன். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"ஒத்துக்கிட்டோம்ப்பா" என்றேன். அண்ணனும் தலையாட்டினான். கட்டில் உள்ளே போனது, கதவு மூடியது.

வராந்தாவின் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் என் போன் அதிர்ந்தது. அண்ணன் எண்ணிலிருந்து, எந்தப் பூட்டும் இல்லாத சாதாரண எஸ்எம்எஸ். வழியில் எவன் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அண்ணியைத் திரும்பி முறைத்தேன். அவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார்.

"பயமா இருக்குடா எருமை."

எழுந்து போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.