ஆவுடையப்பன் திருத்திய ஹால்

சென்னையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியை ஆவுடையப்பன் முதன்முதலாக முடுக்கிய சாயங்காலம், ஷாதிபூரில் அந்தக் கட்டடமே காலியானது. கண்ணாடி பீரோவில் எவர்சில்வர் கிடுகிடுத்தது. கீழ்வீட்டு பிஸ்வாஸ் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். சுனாமியைப் பார்த்த தீவு. பாத்திரம் ஆடினால் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. செருப்பில்லாமல் ஓடிய நீலாவதி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, கணவர் பால்கனியில் ரிமோட்டும் கையுமாக நின்றிருந்தார்.

"பூகம்ப் நஹி, பிஸ்வாஸ் தா! மியூஸிக்!"

அன்றைக்கே நீலாவதி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை என் பாத்திரம் ஆடுச்சு, பெட்டி சௌல்தாரிக்குப் போயிடும். அத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்."

அத்தான் என்றால் அவள் அக்கா புருஷன் ஐயாவு. சௌல்தாரியில் காய்கறித் தோட்டம். கீரையை மேயவரும் மான்களை விரட்ட 'நல்லா உறுமுற பெட்டி' ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. மாசக்கணக்கில் விமர்சனம் படித்துப் பொறுக்கி எடுத்த பெட்டி மான் விரட்டப் போவதா? ஆவுடையப்பன் அடுத்த கப்பலிலேயே ரூம் கரெக்‌ஷன் உள்ள ஆம்ப்ளிஃபையரை வரவழைத்தார். மைக் வைத்து அறையை அளந்து, சத்தத்தை அதற்கேற்ப அதுவே சரிசெய்துகொள்ளும் என்று போட்டிருந்தது.

அது வந்தபோது ஹாலில் கால் வைக்க இடமில்லை. நீலாவதியின் அண்ணன் விஜயனுக்குக் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலை. மகள் ப்ரியங்கா கல்யாணத்துக்காக மெயின்லேண்டில் வாங்கிவந்த இலவம்பஞ்சு மெத்தைகளும் அரிசி மூட்டைகளும் மூலைக்கு மூலை கூரையைத் தொட்டன. காற்று மோசம் என்று அவர் ஊர்திரும்ப வேண்டிய நிக்கோபார் கப்பல் தள்ளித் தள்ளிப் போனது.

"இது வீடா, ஜெட்டி கோடவுனா?" என்று முனகியபடியே மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் மைக்கை நிறுத்தினார். பெட்டி 'வ்வூப், வ்வூப்' என்றது. கருவி கேட்டு, கணக்குப் போட்டு, முடிந்தது என்றது. பாட்டைப் போட்டார். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து முழக்கம் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. பீரோவில் ஒரு டம்ளர் அசையவில்லை.

"பார்த்தியா? ஹாலையே திருத்திட்டேன்!"

ஆபீஸில் ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். ஐயாவுக்கும் போன் போட்டார். "சகல, ஞாயித்துக்கிழமை வந்து கேளும். அதோட மான் ஆசையை விட்டுடும்."

சனிக்கிழமை கப்பல் கிளம்புவதாக முடிவானது. மெத்தைகளைத் தானே தோளில் சுமந்து இறக்கி, மச்சானைச் சாமானோடு லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, விசில் அடித்துக்கொண்டு மாடியேறி, பாட்டைப் போட்டார்.

கிடுகிடுகிடு.

"ஆவுடையப்பன் பாய்! மியூஸிக்கா, பூகம்ப்பா?" என்றது கீழ்வீடு.

மறுபடி மைக்கை நிறுத்தினார். கருவி மறுபடி கணக்குப் போட்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் மிருதங்கமே கேட்கவில்லை. மூலையில் மட்டும் பீரோ தனி ஆவர்த்தனம் வாசித்தது.

"அண்ணன் சாமான் இருந்தவரைக்கும் பெட்டி ஒழுங்காத்தானே இருந்துச்சு," என்றாள் நீலாவதி, போனைக் காதில் வைத்தபடி. "அக்கா, நாளைக்கு அத்தானை வண்டியோட வரச்சொல்லு."

மெத்தை! அதிர்வை உறிஞ்சியது அதுதான்! ஆவுடையப்பன் ஸ்கூட்டரை ஜெட்டிக்கு விரட்டினார். விஜயன் வரிசையில் நின்றிருந்தார்.

"மச்சான், மெத்தையை மட்டும் விட்டுட்டுப் போங்க. அடுத்த கப்பல்ல நானே அனுப்பறேன்."

"கல்யாணப் பொண்ணு மெத்தை, மாப்பிள்ளை! அதைப்போய்க் கேக்கறீங்களே?"

"மூட்டையாவது..."

"அது பந்திக்கு."

ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்தார் விஜயன். சாமான் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது போல! பாசக்கார மனுஷன். லக்கேஜ் அதிகம் என்று கப்பலில் ஏற்றாமல் தடுத்து வைத்திருந்த கச்சால்காரர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏய், யாருக்கெல்லாம் சாமான் நிக்குது? எங்க மாப்பிள்ளை ஷாதிபூர் வீட்டுல வச்சுக்கறாராம்!"

ஞாயிறு காலை ஐயாவு வண்டியோடு வந்தார். ஹாலில் மெத்தை, தலையணை, மூட்டை, யாருடையதோ சோபா ஒன்று செங்குத்தாக. பாட்டு ஓடியது. ஐயாவு பீரோவில் காதை வைத்துப் பார்த்தார். பாத்திரம் ஆடும் சத்தமே இல்லை.

"ஜெயிச்சுட்டீங்க சகல," என்றார் சோகமாக. "ஆமா, எங்க இருக்கீங்க?"

"இங்க." குரல் பால்கனியிலிருந்து வந்தது. நாற்காலி அங்கேதான் போடமுடிந்தது. தெருவில் போன ஆட்டோக்களின் சத்தத்துக்கு நடுவே அவருக்கு மிருதங்கம் சுமாராகக் கேட்டது.

ஐயாவு தலையைச் சொறிந்தார். "நம்ம பாக்கு மூட்டையும் மழையில நனையுது..."

"கொண்டு வாங்க அத்தான்," என்றாள் நீலாவதி. "உங்க சகலைக்கு ஹால் இன்னும் நல்லாத் திருந்தணுமாம்."