கெபிக்கு நடந்த கிளாக்கர் அம்மா

மனித இனம் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்த அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. பிறந்த நாகரிகம் உலகமெல்லாம் சுற்றிவிட்டு, இலங்கை மலைநாட்டில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர் வீட்டுப் படியோடு நின்றுவிட்டது. கிளாக்கரின் மனைவி டோரீன் நடப்பதில்லை. நடப்பது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களின் வேலை. எழுபத்தெட்டாம் ஆண்டு வரை இதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

குழப்பத்தைத் தொடக்கிவைத்தவர் தோட்டத்து மருந்தையா செல்வரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர்.

"சீனி வருத்தம், அம்மா. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. ஒரு மாசத்தில ரத்தத்தில சீனி இறங்காட்டி ஊசிதான்."

ஊசி என்று கேட்டாலே டோரீன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். மறுநாள் சாயங்காலமே குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

முதல் வளைவிலேயே, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த வேலாயி பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா போறீங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா எங்கம்மா?"

டோரீன் யோசித்துப் பார்த்தாள். உண்மையிலேயே எங்கும் போகவில்லை. "நடக்கிறேன், வேலாயி."

"நடந்து?"

"திரும்பி வந்துருவேன்."

விடிந்ததிலிருந்து மலை ஏறி இறங்கிய வேலாயி, முதுகுக் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஐயாவோட ஏதும் சண்டையாம்மா?"

மறுநாள் மத்தியானம் கிளாக்கர் அலோசியஸ் ஆபீசிலிருந்து முகம் சிவந்து வந்தார்.

"நீ கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டேன்னு காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்பவே பேசிக்கிறாங்க. கிளாக்கர் பொண்டாட்டி காரணமில்லாம ரோட்டுல அலையலாமா? போறதுன்னா எங்கயாச்சும் போய்த் தொலை."

எங்கேயாவது என்பதற்கு அந்தத் தோட்டத்தில் இருந்தது ஒரே இடம். மேல்மலையில் பாறைக் குகைபோல் கட்டிய மாதா கெபி. டோரீன் குடையை வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தாள்.

"கெபிக்கா? அப்படிச் சொல்லுங்க" என்றாள் அதே வளைவில் வேலாயி. "நேர்த்திக்கடனாம்மா?"

"ஆமா" என்றாள் டோரீன். அங்கேதான் பிசகிப்போயிற்று.

சில நாள் சுகமாகவே இருந்தது. மூச்சு வாங்கினாலும் ரத்தம் ஓடுவது தெரிந்தது. பிறகு ஒருநாள் திரும்பிப் பார்த்தால் பின்னால் வேலாயி, அவளுக்குப் பின்னால் வீரம்மா.

"மாதா வேற மாரியாத்தா வேறயா? நாங்களும் வாறோம்மா."

அடுத்த வாரம் ஒரு லயமே வந்தது. நடந்தால் கௌரவம் போய்விடும் என்றிருந்த ஆபீஸ் ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள்கூடப் பவுடர் போட்டுக்கொண்டு ஏறினார்கள். என்ன நேர்த்தி என்று டோரீன் சொல்லாததால், ஐயாவின் குடியை நிறுத்தத்தான் என்று ஊரே தீர்மானித்தது. அலோசியஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கூட்டம் பெருகியதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கெபிக் கமிட்டித் தலைவரானார். பெண்களின் பக்தியால்தான் மழை பெய்கிறது என்று பேசவும் செய்தார். அப்போது மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

பக்தி பெருகினால் பொங்கலும் பொங்கத்தானே செய்யும். வீரம்மா சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் ஏந்தி வந்து டோரீன் முன்னால் நின்றாள்.

"எனக்கு வேணாம், வீரம்மா. பிள்ளைங்களுக்குக் குடு."

"நேர்த்திக்காரவங்க மொதக் கை வாங்காம மத்தவங்க எப்படிம்மா வாங்குறது?"

லயம் முழுவதும் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. சீனி வருத்தம் என்று சொன்னால் நேர்த்தி பொய்யாகிவிடும். கமிட்டித் தலைவரின் மனைவி மாதாவின் பெயரால் பொய் சொன்னாள் என்றாகும். பிரசாதத்தில் இருக்கும் சீனி ஒன்றும் செய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாங்கித் தின்றாள். மறுநாள் அடுத்த லயத்தின் முறை. முந்திரியும் வெல்லமும் போட்டிக்குப் போட்டி ஏறின.

மாதம் முடிந்தது. செல்வரத்தினம் சோதித்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடந்தனீங்களோ?"

"தினமும், டாக்டரையா. மலை ஏறித்தான்."

"அப்ப என்னெண்டு சீனி இவ்வளவு கூடினது?"

"அதான் எனக்கும் விளங்கல" என்றாள் டோரீன். கெபியில் ஒரு மாதம் மண்டியிட்ட பெண்ணின் முகம் பொய் சொல்லாது என்று நம்பி, அவர் ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

ஊசி தொடங்கியது. மருந்தகம் வீட்டிலிருந்து இரண்டு வளைவு கீழே. டோரீன் ஊசி போட்டுக்கொள்ளக் கொழுந்து லொறியில் போனாள்.