பூஜையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்

ஆயுத பூஜையன்று மதியம் அனகா கேட்டைத் திறந்துகொண்டு வந்தபோது ரங்கராஜ் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு வேறு எதற்கும் அனுமதி இல்லை.

படிக்கக்கூடாது. எழுதக்கூடாது. கருவி எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் செலுவம்பா மறுபூஜை செய்து எடுத்துக் கொடுக்கும் வரை அப்படித்தான். ரங்கராஜுக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி செலுவம்பாவுக்கு உண்டு. ஒரு வீட்டுக்கு அது போதும்.

மைசூருக்குப் படம் எடுக்க வரும் யூனிட்களுக்கு மைக்கும் டேப் ரெக்கார்டரும் வாடகைக்கு விடுவதும், அவை கெட்டால் சரிசெய்வதும் ரங்கராஜின் தொழில். கடை என்று தனியாக இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. இப்போது அது காலி. அதிலிருந்ததெல்லாம் கூடத்து மூலையில் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் இருந்தது. சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்க்ரூடிரைவர்கள், குறடு, பிரஷ், டெஸ்ட் கேபிள், சர்க்யூட் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி. சால்டரிங் அயர்னின் வயரைச் சுருட்டி அதன் நடுவில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது.

அவருடைய மூக்குக்கண்ணாடியும் அங்கேதான் இருந்தது. வேலைக்கு மட்டும் போடுவது. ஆகவே அதுவும் ஆயுதம்.

"மாமா, மைக் செத்துப்போச்சு," என்றாள் அனகா.

அவளுக்குப் பின்னால், அவள் சவுண்ட் பார்க்கும் படத்தின் யூனிட்டிலிருந்து பசவராஜ் இரண்டு பெட்டிகளோடு வந்தார். வேன் ஓட்டுவதும் மைக் கம்பைத் தூக்கிப் பிடிப்பதும் அவர்தான். நெற்றியில் அகலமான விபூதி. ரெக்கார்டர் பெட்டியின் நெற்றியிலும் அதே அகலத்தில் விபூதி. செலுவம்பா சமையலறை வாசலிலிருந்து பெட்டியைப் பார்த்தாள். ஐயங்கார் வீட்டுக் கூடத்துக்குள் அது வந்து உட்கார்ந்ததை மட்டும் கவனித்தாள்.

"இன்னொரு மைக் குடுங்கோ மாமா. ஓடிடறேன்."

"ராமாபுரத்துக்கு டாக்குமெண்டரிக்குப் போயிருக்கு."

அனகா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஹெப்பாளில் போல்ட் செய்யும் ஃபாக்டரி ஒன்றில் ஷூட்டிங். கதாநாயகன் அணைந்த மெஷின்களுக்கு நடுவே தன் தகப்பனோடு பேச வேண்டும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அங்கே பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. இன்று மெஷின்கள் பூஜையில் இருந்தன. நாளை நல்ல நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். டைரக்டர் முதலிலிருந்தே டப்பிங் போதும் என்றவர். ஸ்பாட்டிலேயே குரலைப் பிடித்துத் தருகிறேன் என்று சண்டை போட்டவள் அனகா. அவளுக்கு இது தனியாகச் செய்யும் முதல் படம்.

"கூரைக் கண்ணாடியில வெயில் இருக்கற வரைக்கும் பார்ப்பேன்னு சொல்லிட்டார். அதுக்குள்ள சத்தம் வரலைன்னா டப்பிங். டப்பிங்னா எனக்கு அந்தப் படத்துல வேலையே இல்லை மாமா."

"மேடம் பேரை டைட்டில்ல போடுவாங்க," என்றார் பசவராஜ் ஆறுதலாக. "நன்றி பக்கத்துல."

"பசவராஜ், நீங்க சும்மா இருங்க."

ரங்கராஜ் மைக்கை ரெக்கார்டரில் மாட்டி ஹெட்போனைக் காதில் வைத்தார். ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

"நேத்து டெஸ்ட் பண்ணினியா?"

"சாயங்காலம் பண்ணினேன். ஜம்முனு இருந்தது. பெட்டியில வெச்சேன். காலையில பூஜை ஆச்சு. ஷாட்டுக்கு எடுத்தா இப்படி."

"ஸ்பேர் கேபிள்?"

பசவராஜ் எடுத்துக் கொடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

ரங்கராஜின் முகம் மாறியது. இரண்டு கேபிள் ஒரே காலையில் சாகாது. அப்படியென்றால் கேபிளில் தவறு இல்லை. மைக்கில்தான். மைக்கின் அடிப்பக்கத்து வயரைப் போன மாதம் சால்டர் செய்தவர் அவர்தான். அன்று அந்த ஜாயிண்ட் அவருக்கு அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஹயக்ரீவரைப் பார்த்தார். பிறகு செலுவம்பாவைப் பார்த்தார்.

"வேண்டாம். கேக்காதேள்," என்றாள் செலுவம்பா.

"ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர்."

"பூஜையில இருக்கு."

"எடுத்துட்டுத் திரும்ப வெச்சுடறேன்."

"தூங்கற குழந்தையைத் தூக்கிண்டு போய் ஒரு ஜோலி பார்த்துட்டுத் திரும்பப் படுக்க வெப்பேளா?"

"மாமி," என்றாள் அனகா. குரல் உடைந்திருந்தது.

செலுவம்பா அவளைப் பார்த்தாள். கல்நெஞ்சக்காரி இல்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஆயுதத்தைத் தொடப்படாது. அவ்வளவுதான் சாஸ்திரம். ஆயுதமில்லாம பண்ணிக்கோங்கோ. நான் குறுக்கே வரலை."

"எது ஆயுதம்?"

"நாம எதால சம்பாதிக்கறோமோ அது."

வீட்டில் தேடல் ஆரம்பமானது. கத்தி பூஜையில் இருந்தது. கத்திரிக்கோல் பூஜையில் இருந்தது. தேங்காய்த் துருவியும் இருந்தது.

"துருவியால என்னடி சம்பாதிக்கறோம்?"

"அது என் கணக்கு."

மைக்கின் அடியில் இருந்தது மிகச் சின்ன ஸ்க்ரூ. பசவராஜ் நகத்தால் முயன்றார். நகம் போயிற்று. ரங்கராஜ் குளியலறைக்குப் போய் நாக்கு வழிக்கும் ஸ்டீல் தகட்டோடு வந்தார். அதன் முனை மெல்லியது.

"அது என்னோடது!" என்றாள் செலுவம்பா.

"பூஜையில இல்லையே."

"என்னோடதுன்னேன். உங்களோடது பச்சைப் பிடி போட்டது."

பச்சைப் பிடி போட்டது வந்தது. பசவராஜ் மரியாதையோடு வேறு பக்கம் பார்த்தார். ஸ்க்ரூ கழன்றது.

உள்ளே தலைமுடி போன்ற வயர்கள். கண்ணாடி இல்லாமல் ரங்கராஜுக்கு அவை ஒரு மங்கலான கொசு மாதிரி தெரிந்தன.

"நீ பாரு. வெள்ளை வயர் ஒட்டிண்டிருக்கா?"

"இருக்கற மாதிரிதான் தெரியறது மாமா."

"மாதிரின்னா விட்டுப்போச்சுன்னு அர்த்தம்," என்றார் ரங்கராஜ். அவர் முடிவு செய்துவிட்டார்.

சால்டர் செய்ய வேண்டும். ஈயக் கம்பி மேசை டிராயரில் இருந்தது. அதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. ஈயம் அரிசி மாதிரி, வெறும் சாமான், ஆயுதமில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சூடு வைக்க ஏதாவது வேண்டும். ரங்கராஜ் சுவரைப் பார்த்தார். காலண்டர் தொங்கிய ஆணி நீளமாக இருந்தது.

"ஆணி?"

செலுவம்பா நீண்ட நேரம் யோசித்தாள்.

"கருமார் வீட்டுல அது ஆயுதம். இங்க அது எந்த உத்தியோகமும் பார்க்கலை. எடுத்துக்கோங்கோ."

பசவராஜ் ஆணியைப் பிடுங்கினார். கொஞ்சம் சுவரும் சேர்ந்து வந்தது.

அடுப்பில் சுண்டல் இருந்தது. நைவேத்தியத்துக்கு வைத்த அடுப்பில் ஆணி காய்ச்ச செலுவம்பா விடமாட்டாள். எல்லோரும் குளியலறைக்குப் போனார்கள். ஹண்டே என்ற வெந்நீர் அண்டாவின் கீழே காலையில் எரித்த விறகின் தணல் இன்னும் இருந்தது. ஆணியை இடுக்கியால் பிடித்து அதில் சொருகினார்கள். மைசூரிலேயே விலை உயர்ந்த மைக் ஒன்று துண்டில் சுற்றப்பட்டு, குளிக்கும் மணைமேல் கிடந்தது.

ஆணி சிவந்தது.

"சொல்லு," என்றார் ரங்கராஜ்.

"இடது பக்கம் மாமா. இன்னும் இடது. அய்யோ, அது என் விரல்!"

"விரலை எடு."

"எடுத்தா மைக்கை யார் பிடிப்பா?"

"பசவராஜ், நீங்க பிடிங்க."

"நான் பிடிக்கறேன் சார். ஆனா என்னைப் பார்த்துப் பண்ணுங்க. எனக்கு ரெண்டு பெண் குழந்தைங்க."

ஈயம் உருகியது. புகை வந்தது. மூவரும் இருமினார்கள். மூன்று முறை ஆணியைக் காய்ச்சினார்கள். கடைசியில் அனகா குனிந்து பார்த்து, ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்றாள். பளபளவென்று இருந்தது. போன மாதத்து ஜாயிண்ட் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. ரங்கராஜுக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

கூடத்துக்கு வந்து மைக்கை மாட்டினார்கள். ஹெட்போனைக் காதில் வைத்தார்.

ஒன்றும் இல்லை.

அவர் ஹெட்போனைத் தட்டினார். ரெக்கார்டரைத் தட்டினார். பிறகு தன் தொடையைத் தட்டிக்கொண்டார். கூடத்தின் வெயில் சோபாவின் கால் வரை நகர்ந்திருந்தது.

"டெஸ்ட் கேபிளை மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்," என்றார் ரங்கராஜ். சொல்லும்போதே பூஜையைப் பார்த்தார். டெஸ்ட் கேபிள் சாமந்தி மாலைக்குள் படுத்திருந்தது.

"ஃபோன் எங்க இருக்கு மாமா?" என்றாள் அனகா. "டப்பிங் வெச்சுக்கோங்கோன்னு சொல்லிடறேன். அங்க எல்லாரும் மேக்கப்போட உட்கார்ந்திருக்கா."

செலுவம்பா தட்டில் சுண்டலோடு வந்தாள். வைக்க இடம் வேண்டி, தரையில் கிடந்த கேபிளை ஓரமாக ஒதுக்கினாள். அவள் கண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை. கேபிள் முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதென்ன, வாய்க்குள்ள சந்தனம்?"

"பூஜை மேடம்," என்றார் பசவராஜ்.

"அது சரி. ஓட்டைக்குள்ள ஏன்?"

பசவராஜ் அந்தக் கேள்விக்காகக் காலையிலிருந்து காத்திருந்தவர் போல நிமிர்ந்தார்.

"வெளியே வெச்சா கேபிளைச் சுருட்டும்போது அழிஞ்சுடும் மேடம். எல்லாரும் அந்தத் தப்பைத்தான் பண்றாங்க. நான் உள்ளே வெச்சேன். மூணு ஓட்டை, மூணு பொட்டு. முதல்ல விபூதி, மேல சந்தனம், நடுவுல குங்குமம். குச்சியால பொறுமையா வெச்சேன். கையில இருக்கறது மெஷின். அது நல்லா இருக்கணுமில்ல?"

ரங்கராஜ் இன்னொரு கேபிளைக் கையில் எடுத்தார்.

"ஸ்பேர்லயும்?" என்றார் ரங்கராஜ்.

"அதை மட்டும் விட்டா அதுக்கு மனசு கஷ்டப்படாதா சார்?"

ரங்கராஜ் அனகாவைப் பார்த்தார்.

"நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதான் இருந்தேன் மாமா. கண்ணை மூடிண்டு சேவிச்சிண்டிருந்தேன்."

"நான் கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்டு சாமானுக்கெல்லாம் பொட்டு வெக்கறேன்," என்றாள் செலுவம்பா. "நெத்தி எது, வாய் எதுன்னு பார்த்துதான் வெப்பேன்."

"சிவனுக்கு உள்ளே வெளியேன்னு உண்டா மேடம்?"

"சிவனுக்கு இல்லை. கரண்டுக்கு உண்டு," என்றார் ரங்கராஜ்.

காய்ந்த சந்தனத்தை எடுக்க வேண்டும். பிரஷ் பூஜையில். பழைய துடைப்பம் கொல்லையில் நின்றது. அதைப் பூஜையில் வைக்கும் எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. ஈர்க்குகளை ஒடித்து, நுனியில் விளக்குத் திரியின் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, மூன்று ஓட்டைகளையும் அனகா துடைத்தாள். பசவராஜ் ஒவ்வொரு பஞ்சையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டார். ஸ்பிரிட் கண்ணில் பட்டது. அவர் கண்ணீரோடு நின்றார். பச்சாதாபம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்போ நீங்க சால்டர் பண்ணினது?" என்றாள் அனகா துடைத்தபடி.

"அது மெயிண்டனன்ஸ்," என்றார் ரங்கராஜ்.

அனகா கேபிளை மாட்டினாள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்கைத் தூக்கி நீட்டினாள். பொத்தானை அழுத்தினாள். எதிரே சமையலறை. செலுவம்பா தட்டை வைத்துவிட்டு அங்கே போயிருந்தாள்.

அனகாவின் கண்கள் அகன்றன. அசையாமல் நின்றாள்.

"சத்தம் வரதா?"

அவள் தலையாட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழறியா?"

"இல்லை மாமா."

"பின்ன? என்ன கேக்கறது?"

"சொல்றதுக்கில்லை மாமா. ஆனா ரொம்பத் தெளிவா இருக்கு. மூச்சுகூடக் கேக்கறது."

அவர் கையை நீட்டினார். அவள் தயங்கி, ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள். மைக்கை நகர்த்தவில்லை.

ரங்கராஜ் கேட்டார். முதலில் பாத்திரம் தேய்க்கும் சத்தம். பிறகு, காதுக்குள்ளேயே நின்று பேசுவதுபோல், தாழ்ந்த குரலில் அவர் மனைவி பெருமாளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"...அந்தக் குழந்தைக்குச் சத்தம் வந்துடணும். வெயில் போறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடணும். அந்த டிரைவர் நல்ல மனுஷன், பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. இவரைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. கேபிள் வாயைத் திறந்து பார்க்காம நல்லா இருக்கற மைக்கை உடைச்சு, குளிக்கற ரூம்ல வெச்சு வறுத்துண்டு. உலகத்துல ஒருத்தராவது இப்படி... போகட்டும், நீ கண்டுக்காதே. இத்தனை நாள் நான் கண்டுக்கலை பாரு."

ரங்கராஜ் ஹெட்போனைக் கழற்றினார். அதை மடித்து அனகாவின் கையில் கொடுத்தார்.

பசவராஜ் வெளியே வேனைக் கிளப்பிவிட்டார். அனகா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்து, வரேன் மாமி என்று கத்திவிட்டு ஓடினாள்.

ரங்கராஜ் கேட் வரை கூடவே போனார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார். "சவுண்ட் லெவலை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ."