முன்னால் ஓடியவள்

என் மகள் வித்தியாவுக்கு மாகாணப் போட்டியில் முதலிடம் எடுப்பது பெரிய வேலையே இல்லை. ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் கடைசி இருநூறு மீற்றரை ஒழுங்காக ஓடினால் போதும். அதுவரை மற்றவர்களுக்குப் பின்னால் பதுங்கி நிற்பாள், பிறகு பறப்பாள். இரண்டு வருடமாக அப்படித்தான் வென்றாள். நானும் பண்டத்தரிப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

விதி அப்படி. முதலாவதாக வருபவள் எவ்வளவு மெதுவாக ஓடியிருந்தாலும் அகில இலங்கைப் போட்டிக்குப் போவாள். மற்றவர்கள் ஐந்து நிமிடம் ஐந்து விநாடிக்குள் வந்தால்தான் போகலாம். எல்லோரும் பதுங்கி ஓடினால் அந்த நேரம் யாருக்கு வரும்? வருடா வருடம் ஒருத்திதான் போனாள்.

இந்த முறை வெடி வெடித்ததுமே வித்தியா முன்னுக்குப் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்துக் கொடுத்தது இந்தக் கூத்தைப் பார்க்கவா?

"எடியே, பின்னுக்கு நில்லடி" என்று கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

பக்கத்தில் தியாகராசா அண்ணை நின்றார். காங்கேசன்துறையில் கடற்தொழில் செய்பவர். அவருடைய மகள் வினோஜா இரண்டு வருடமும் என் மகளுக்கு அடுத்ததாக வந்து, நேரம் போதாமல் வீட்டுக்குப் போனவள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அண்ணையின் கையில் ஒரு ஸ்டொப்வோச் இருந்தது.

"கத்தாதேங்கோ தங்கச்சி. உங்கடை பிள்ளை தெரிஞ்சுதான் ஓடுது. நேற்று என்ரை மகளிட்டை வந்து, 'நான் முன்னுக்கு இழுக்கிறன், விடாமல் பிடிச்சுக்கொண்டு வாங்கோ அக்கா' எண்டு சொல்லிச்சுதாம். போன முறை மூண்டாவதாய் வந்த முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் சொல்லிச்சுதாம்."

"இவள் களைச்சுப் போனால்?"

"என்ரை மகளும் அதைத்தான் கேட்டவள். நேரத்துக்குள்ளை வந்திடுவன் எண்டு சொல்லிச்சுதாம்."

முதற் சுற்று எண்பது விநாடி. இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படியே. காற்று முழுவதும் என் பிள்ளையின் முகத்தில்தான் அடித்தது. மற்ற இருவரும் அவள் முதுகோடு ஒட்டி வந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அவளுடைய தோள்கள் மேலே ஏறிவிட்டன. களைத்தால் அவளுக்கு அப்படித்தான், பெற்றவளுக்குத் தெரியும். கடைசி வளைவில் வினோஜா தாண்டினாள். முல்லைத்தீவுப் பிள்ளையும் தாண்டினாள். முதலிடம் போனது போகட்டும், நேரமும் தவறினால் இவளால் போகவே முடியாது.

"ஓடடி வித்தியா" என்றேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் விழுந்துவிட்டாள். அண்ணை ஸ்டொப்வோச்சைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கைக்கணக்கை நம்ப எங்கள் இருவருக்கும் துணிவில்லை. ஒலிபெருக்கிக்காகக் காத்து நின்றோம்.

வினோஜா, ஐந்து நிமிடம் இரண்டு விநாடி. முல்லைத்தீவுப் பிள்ளை, ஐந்து நிமிடம் மூன்று விநாடி. வித்தியா, ஐந்து நிமிடம் நான்கு தசம் எட்டு விநாடி. மூன்று பேரும் நேரத்துக்குள்.

அண்ணை அப்படியே மண்ணில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனம் இவளுக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

வெங்காயத் தோட்டத்திலிருந்து என் கணவர் தொலைபேசி எடுத்தார்.

"என்னப்பா, முதலாவதுதானே?"

"இல்லை, மூண்டாவது."

"ஏன், கால் ஏதும் பிடிச்சதோ?"

"ஒண்டும் பிடிக்கேல்லை. உங்கடை மகள் இந்த முறை மற்ற ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறாள்" என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.